ஏழு வருடம் நாற்பத்தொரு நாள்

பூசை உடுப்புகள் மொத்தம் முப்பத்து மூன்று. பச்சை ஒன்பது, வெள்ளை பதினொன்று, ஊதா ஆறு, சிவப்பு ஐந்து, ரோசா ஒன்று, கறுப்பு ஒன்று. கடல் ஊருக்குள் ஏறி வந்த அந்த டிசம்பருக்குச் சில வருடங்கள் கழித்து எங்கள் கோயிலுக்குப் புது அலமாரி செய்தார்கள். உள்ளே வைப்பவற்றை எண்ணிக் கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். ஊரில் எதையாவது எண்ண வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுவது வழக்கம். முப்பத்தைந்து வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தது ஒரு காரணம். கூப்பிடாவிட்டாலும் நானே போய் எண்ணிவிட்டு, தவறு எங்கே என்று வந்து சொல்லுவேன் என்பது இன்னொரு காரணம்.

இப்போதைய உடுப்புகளைப் பற்றி எனக்குக் குறைகள் உண்டு. பச்சை என்றால் இலைப் பச்சை. இவர்கள் வாங்கியிருப்பதில் நான்கு கிளிப் பச்சை. வெள்ளையில் மூன்று வெள்ளையே அல்ல, சந்தன நிறம். துணியெல்லாம் நைலான், முதுகில் திராட்சைக் குலையை அச்சடித்திருக்கிறார்கள். நான் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

கறுப்பு உடுப்பு அடியில் இருந்தது. வெள்ளிச் சரிகை கரையிட்ட பழைய பட்டு. எடுத்துத் தந்த இளைஞன் அதை விரித்துப் பார்த்துவிட்டு, "இது எந்தத் திருநாளுக்குள்ளது சாரே?" என்று கேட்டான். "சாவுக்கு" என்றேன். அவன் தலையாட்டிவிட்டு மடித்து வைத்தான். அவன் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே முறைகள் மாறிவிட்டன. இப்போது சாவுக்கு ஊதாவோ வெள்ளையோ போடுகிறார்கள். கறுப்பை யாரும் தொடுவதில்லை. நான் சொன்னது பாதிப் பதில்தான். எல்லாச் சாவுக்கும் கறுப்பு கிடையாது. எனக்கு அது பத்து வயது நிறைய இருபது நாள் இருக்கும்போது தெரிந்தது.

அந்தக் காலத்தில் பூசை லத்தீனில் நடக்கும். சாமியார் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பீடத்தைப் பார்த்து நிற்பார். குளச்சலுக்கு மேற்கே எங்கள் கடற்கரையில் லத்தீன் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் அவர் முதுகைப் படிக்க எல்லாருக்கும் தெரியும். ஊதா என்றால் தவம், நோன்பு. மீன் விற்றுக் கையில் காசு வந்த வீட்டில்கூட இறைச்சி வேகாது. சிவப்பு என்றால் வேதத்துக்காக ரத்தம் சிந்தியவருடைய நாள், அல்லது இஸ்பிரித்து சாந்து, அதாவது பரிசுத்த ஆவி, நெருப்பாக இறங்கிய நாள். வெள்ளை என்றால் பிறப்பு, உயிர்ப்பு, மாதா. ஆண்டில் இரண்டே ஞாயிறு ரோசா. நீண்ட நோன்பின் நடுவே கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளுங்கள் என்று திருச்சபை தரும் இளைப்பாறல். பெந்தகோஸ்துக்குப் பிறகு இருபத்து மூன்று முதல் இருபத்தெட்டு ஞாயிறு வரை பச்சை.

என் அம்மைக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. நிறத்தைப் பார்த்து வருடத்தைச் சொல்லிவிடுவாள். "பச்சைன்னா விசேசம் ஒண்ணும் இல்ல, போய்க் கடலயும் அடுக்களயயும் பாருங்கோன்னு அர்த்தம்" என்பாள். ரோசா ஞாயிறன்று கோயிலிலிருந்து வரும்போது அவள் நடையே மாறியிருக்கும். இத்தனை வருடத்தில் நான் எத்தனையோ விளக்கப் புத்தகங்கள் படித்துவிட்டேன். அவள் சொன்னதற்கு மேல் பெரிதாக எதுவும் அவற்றில் இல்லை. படிப்பில்லாத ஒரு கரை முழுவதையும் ஆறு துணிகளால் படிக்க வைத்திருந்தார்களே என்று இன்றும் வியப்பாக இருக்கிறது.

சாவுக்கு வருகிறேன். ஞானஸ்நானம் பெற்ற குழந்தை ஏழு வயதுக்குள் இறந்தால் கறுப்பு இல்லை. வெள்ளை. அது பாவம் செய்யத் தெரியாத வயது. ஆகவே அது நேரே சம்மனசு, தேவதூதர்களில் ஒன்று. தலையில் வெள்ளைப் பூவால் கிரீடம்போல் முடி கட்டி வைப்பார்கள். துக்க மணி அடிக்காமல் திருநாள் மணி அடிப்பார்கள். தாய் வாய்விட்டு ஒப்பாரி சொல்லக்கூடாது. ஏழு கழிந்துவிட்டால் புத்தி விவரம் வந்த ஆளாகக் கணக்கு. அப்புறம் கறுப்புதான். கறுப்பு என்றால், ஆன்மா உத்தரிக்கிற ஸ்தலத்தில் நின்று தன் கறைகளைக் கழுவ வேண்டியிருக்கலாம், மற்றவர்கள் அதற்காக வேண்டிக்கொள்ள வேண்டும் என்று பொருள். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம் ஒருமுறை செய்துவிட்டால் சந்தேகமே இல்லை. பாவம் சொல்லத் தெரிந்தவனுக்குப் பாவம் செய்யவும் தெரியும் அல்லவா.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். வீட்டில் அவனே கடைசி. எதற்கும் தனியாகப் போக மாட்டான். கிணற்றடிக்குப் போனாலும் என் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் வருவான். அந்த வருட ஆகஸ்டு மாதா திருநாளுக்கு அவனுக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுப்பதாக இருந்தது. அதற்கு முன்பு முதல் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். ஆனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் எங்கள் இருவரையும் அம்மை கோயிலுக்கு அனுப்பினாள்.

பாவங்களை வகையும் எண்ணிக்கையும் தவறாமல் சொல்ல வேண்டும் என்பது விதி. எனக்கு மிகவும் பிடித்த விதி அது. நான் ஏழு வகை தயாராக வைத்திருந்தேன். கருவாடு எடுத்துத் தின்றது இரண்டு, பொய் நான்கு, பூசையில் பேசியது மூன்று, வாத்தியாரை மனதுக்குள் வைதது பதினொன்று, தம்பியை அடித்தது ஐந்து, காலைச் செபம் விட்டது ஆறு, கூட்டாளியின் கோலிக்குண்டை எடுத்தது ஒன்று.

தம்பியிடம், "ஒனக்க பாவம் என்னதெல்லாம்?" என்று கேட்டேன்.

அவன் வெகுநேரம் யோசித்தான். "எனக்கு ஒண்ணும் ஓர்ம இல்லியே அண்ணா."

"ஒண்ணுமில்லாம உள்ள போனா சாமி ஏசுவாரு."

"அப்பம் என்ன செய்ய?"

அவன் முகம் அழுகைக்குக் கோணியது. நான் இரக்கப்பட்டு என் ஏழையும் அவனுக்குக் கொடுத்தேன். வரிசையாகச் சொல்லிக் கொடுத்து, மூன்று முறை ஒப்பிக்கவும் வைத்தேன். பிசகாமல் சொன்னான். அவனுக்கு ஞாபகசக்தி நன்றாக உண்டு.

முதலில் நான் போனேன். சாமியார் உள்ளே உட்கார்ந்திருந்த பாவசங்கீர்த்தனத் தொட்டியின் சல்லடைப் பலகையில் வாய் வைத்து ஏழையும் சொன்னேன். தண்டனைச் செபமாகப் பத்து அருள் நிறைந்த மந்திரம் கிடைத்தது. நான் எழுந்து வந்ததும் தம்பி போய் முழங்காலில் நின்றான். இடையில் வேறு ஒருவரும் இல்லை. அதே ஏழு, அதே எண்ணிக்கை, அதே வரிசை. ஐந்தாவதில் இருந்த பிசகை நான் அப்போது கவனிக்கவில்லை. தம்பியை ஐந்து முறை அடித்ததாக அவன் சொல்லியிருப்பான். அவனுக்குத் தம்பியே கிடையாது.

தொட்டிக்குள்ளிருந்து சாமியார் இருமுவது கேட்டது. நெடுநேரம் இருமினார். மூக்குப்பொடி போடுகிறவர், அதனால்தான் என்று நினைத்தேன்.

தம்பி சிரித்த முகத்தோடு வந்தான். "எல்லாம் சொன்னேன், ஒண்ணும் விடல்ல."

"எத்தன மந்திரம் தந்தாரு?"

"ஒண்ணு. அதும் அண்ணனுக்கு வேண்டிச் சொல்லுன்னு சொன்னாரு."

எனக்குக் கோபம் வந்தது. ஏழுக்கு ஏழு, எனக்குப் பத்து, அவனுக்கு ஒன்று. கணக்கில் இவ்வளவு அநியாயம் செய்கிறவர் எப்படிச் சாமியார் ஆனார் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். தம்பி என் கால்சட்டையைப் பிடித்தபடி எனக்கு வேண்டி அந்த ஒன்றையும் சொல்லிக்கொண்டு வந்தான்.

பதினோராம் நாள் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. தொண்டை அடைத்துக்கொண்டது. விடாத மழை, கடலில் ஆளுயர அலை, அப்பா தொழிலுக்குப் போகாமல் வீட்டில்தான் இருந்தார். ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை தோளில் தூக்கிக்கொண்டு போய் வந்தார். ஐந்தாம் நாள் விடிந்து சற்று நேரத்தில் தம்பி இறந்துபோனான்.

பக்கத்து வீட்டுச் சித்தி நந்தியாவட்டைப் பூப் பறித்து வந்து முடி கட்டினாள். அவள் எங்களுக்கு உறவில்லை. ஊரில் எல்லாருமே சித்தி, மாமன்தான். அம்மை தம்பியைக் குளிப்பாட்டி, புதுநன்மைக்காகத் தைத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டு, தலையில் அந்தப் பூமுடியை வைத்தாள். அவள் ஒப்பாரி சொல்லவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போது உபதேசியார் குடையோடு வந்தார். கோயில் பொறுப்பெல்லாம் அவருடையது. எந்த மணி, எந்த உடுப்பு என்று எடுத்து வைப்பவரும் அவரே. ஒரு நோட்டைத் திறந்து, பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, "வயசு?" என்று கேட்டார்.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆறு" என்றார்.

நான் வாசற்படியில் நின்றேன். என் அப்பா வாழ்நாளில் அளவு தவறிச் சொல்லி நான் கேட்டதில்லை. கடலின் ஆழத்தைக் கயிற்றை விட்டுப் பார்த்து, இரு கை விரித்த நீளமான பாகம் ஒன்றுகூடப் பிசகாமல் சொல்லுகிறவர். துக்கத்தில் மறந்துவிட்டார் என்று நினைத்து உதவி செய்தேன்.

"ஏழு வருசமும் நாப்பத்தோரு நாளும்" என்றேன். "பாவசங்கீர்த்தனமும் பண்ணியாச்சு."

உபதேசியார் எழுதிக்கொண்டிருந்த பென்சில் நின்றது. கொடியவர் அல்ல அவர். தலையைச் சொறிந்துகொண்டு மெதுவாகச் சொன்னார்: "முறைன்னு ஒண்ணு உண்டுல்லா. நான் என்ன செய்யட்டு? ஏழு கழிஞ்சா கறுப்பாக்கும்."

அம்மை அப்போதுதான் வாயைத் திறந்தாள். "உபதேசியாரே, வெள்ளன்னா நேர போயிருவான். கறுப்புன்னா வழியில நிக்கணும். எனக்க பிள்ள கெணத்தடிக்குக்கூட ஒத்தைக்குப் போகமாட்டான். அங்க ஆரு கூட நிப்பான்?"

அவர் நோட்டை மூடினார். "பூமுடியும் வைக்கப்பிடாது" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனார். அம்மை தம்பி தலையிலிருந்து முடியை எடுத்தாள். எங்கே வைத்தாள் என்று நான் பார்க்கவில்லை. சித்தி என்னைப் பார்த்து, "ஏலே, ஒனக்க அம்மை ஒனக்குச் சோறு போட்டு வளத்தாளா, கணக்கு போட்டு வளத்தாளா?" என்றாள். நான் சரியாகச் சொன்னதற்கு ஏன் ஏசுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மை என் பக்கம் திரும்பவே இல்லை. கோயிலிலிருந்து துக்க மணி கேட்க ஆரம்பித்தது. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே நான் ஒன்பது வரை எண்ண முடிந்தது.

மூடி போடாத பெட்டியை அப்பாவும் மாமன்மார் மூவரும் தூக்கினார்கள். பெரியவர்களின் பெட்டிக்குப் போடும் கறுப்புத் துணியை மேலே போட்டிருந்தார்கள். அது அந்தச் சின்னப் பெட்டியின் நான்கு பக்கமும் தரையில் புரளும் அளவுக்குப் பெரிதாக இருந்தது. கோயில் வாசலில் இறக்கி வைத்துவிட்டுக் காத்து நின்றோம். அம்மை கோயிலுக்குள் பார்க்கவில்லை. தரையில் ஒரு இடத்தையே பார்த்து நின்றாள். கறுப்பு வரும்போது அதைப் பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை.

சாமியார் வெள்ளையில் வந்தார்.

உயிர்ப்புத் திருநாளுக்குப் போடும் வெள்ளை. வருடத்தில் மூன்று நாளைக்கு மேல் அது உடுப்புப் பெட்டியை விட்டு வெளியே வராது. பொன் சரிகைச் சிலுவை முதுகில். மழைக்கால இருட்டில் பீடத்திலிருந்து வாசல் வரை அவர் நடந்து வந்ததை நான் இப்போதும் பார்க்கிறேன். அவர் வர வர அந்த வெள்ளை பக்கத்துத் தூண்களில் எல்லாம் பட்டு நகர்ந்தது. உபதேசியார் பின்னாலேயே ஓடி வந்தார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது.

"சாமி, கறுப்பு எடுத்து வச்சிருந்தேனே."

"கண்டேன்."

"ஏழு வயசு கழிஞ்சாச்சு சாமி. பாவசங்கீர்த்தனமும் செய்த பிள்ளையாக்கும்."

"கேட்டது ஆரு? நீரா, நானா?"

"சாமிதான்."

"பின்ன என்ன? போய் மணிய மாத்தி அடிக்கச் சொல்லும்."

இதைப் பற்றி நான் பிற்காலத்தில் மூன்று சாமியார்களிடம் கேட்டிருக்கிறேன். தொட்டிக்குள் கேட்டதைப் பற்றி ஒரு சொல்லும், ஒரு சாடையும் வெளியே வரக்கூடாது என்பது சட்டம். உயிர் போனாலும் கூடாது. அப்படியிருக்க, அன்று அவர் செய்தது மீறலா? ஒருவர் ஆம் என்றார். இன்னொருவர், வயதுக் கணக்கு ஒரு யூகம்தான், விவரம் வந்ததா இல்லையா என்று தீர்மானிக்கப் பங்குச் சாமியாருக்கு உரிமை உண்டு என்றார். மூன்றாமவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "பூமுடி என்ன பூவில் கட்டியது?" என்று மட்டும் கேட்டார். எனக்கு இன்னும் முடிவு தெரியவில்லை. ஆனால் சட்டத்தைத் தலைகீழாகவும் ஒப்பிக்கத் தெரிந்த ஒரு மனிதர், வாயால் சொல்லக் கூடாத ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் நடுவே வந்து நின்றார். அதற்குப் பிறகு நான் எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டுவிட்டேன். அது போல ஒன்று கேட்டதில்லை.

அவர் குனிந்து பெட்டி மேலிருந்த கறுப்புத் துணியைத் தானே உருவி உபதேசியார் கையில் கொடுத்தார். தம்பியின் தலையைப் பார்த்தார். அம்மையிடம், "சம்மனசுக்கு முடி வைக்கல்லியா அம்மா?" என்று கேட்டார்.

அம்மை முந்தானை மடிப்புக்குள்ளிருந்து பூமுடியை எடுத்தாள். நசுங்கியிருந்தது. ஒவ்வொரு இதழாக நிமிர்த்திவிட்டுத் தம்பி தலையில் வைத்தாள். மணி நின்றது, ஒரு கணம் மழைச் சத்தம் மட்டும் இருந்தது, பிறகு இரண்டு மணிகளும் சேர்ந்து திருநாள் மணியாக அடிக்கத் தொடங்கின. வெளியே நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சித்தி சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்கு மட்டும் நிம்மதியில்லை. இவ்வளவு பெரிய கூட்டத்தில் கணக்கு தவறாகிவிட்டது. உபதேசியார் சரியாகத்தான் எழுதியிருந்தார். சாமியாருக்கு யாரோ ஆறு என்று சொல்லியிருக்க வேண்டும். அல்லது தம்பி நான் கொடுத்த ஏழையும் ஒழுங்காகச் சொல்லாமல் எதையோ விழுங்கியிருக்க வேண்டும். பூசை நேரம் முழுவதும் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். முடிவில் சாமியார் பெட்டியைச் சுற்றித் தீர்த்தம் தெளித்துக்கொண்டு என் அருகே வந்தபோது, ஒரு அடி முன்னால் வைத்து, "சாமி, ஏழு வருசமும்..." என்று ஆரம்பித்தேன்.

அம்மை என் மணிக்கட்டைப் பிடித்தாள். காலையிலிருந்து அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. வலை இழுத்துப் பழகிய கை. எலும்பு நோகும் பிடி. நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. முகமோ ரோசா ஞாயிறில் கோயிலிலிருந்து வரும்போது இருக்கிற முகம். சாமியார் என் தலையில் ஒரு முறை கை வைத்துவிட்டுக் கடந்து போனார்.

கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை முன்னூற்றுப் பன்னிரண்டு அடி. அவள் என் கையை விடவே இல்லை. காலையில் நான் சொன்னதற்குத்தான் இப்போது தண்டனை தருகிறாள் என்று நினைத்து, வலியைப் பொறுத்துக்கொண்டு அவளோடு நடந்தேன்.